போர்டோவின் இன்னொரு கலவை

போர்டோக் கலவை என்னும் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர் எவரும் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது. மயில் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துக்கொண்டு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கியதும் என் தகப்பனார் தீட்டிய கத்தி ஒன்றை அதில் நனைத்து எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். திராட்சைப் பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று அந்த மருந்தைத் தெளித்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது சட்டையும் புருவமும் நீலம் பூத்திருக்கும். போர்டோ என்பது அம்மருந்தைக் கண்டுபிடித்த ஏதோ ஒரு துரையின் பெயர் என்றே பள்ளிப் படிப்பு முடியும் வரையில் எண்ணியிருந்தேன்.

அது துரையின் பெயரன்று, ஊரின் பெயர். பிரான்சு தேசத்தின் தென்மேற்கு மூலையில், கரோன் என்னும் ஆற்றின் கரையில் உள்ள துறைமுகப் பட்டணம். அதைச் சுற்றியுள்ள ஜில்லா முழுவதும் திராட்சைத் தோட்டம். சாலையோரத்துக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடாதிருக்க, பார்த்தாலே அருவருப்பு உண்டாகும்படி துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைகளின்மேல் தெளித்து வைப்பது அங்கே ஒரு வழக்கம். 1882-ஆம் ஆண்டில், அடிச்சாம்பல் நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், போர்டோ பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே அவ்வழியே போனார். சாலையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கண்டார். 1885-இல் மருந்தின் செய்முறை அச்சில் வெளிவந்தது. திருடர்களுக்காகத் தெளித்தது நோய்க்கு மருந்தாயிற்று. அதுவே கடல் கடந்து எங்கள் பள்ளத்தாக்குக்கும் வந்து சேர்ந்தது.

நான் எழுத வந்தது இந்த நீலக் கலவையைப் பற்றியன்று. அந்த ஊரின் மற்றொரு கலவையைப் பற்றி. போர்டோ என்றால் உலகத்தார் சிவப்பு ஒயினைத்தான் நினைக்கிறார்கள். ஆயினும் அங்கே வெள்ளைத் திராட்சை வகைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வெள்ளை ஒயின் செய்யும் தொழில் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் நடந்து வருகிறது. மது என்ற சொல்லைக் கண்டவுடன் பத்திரிகையை மடித்து வைத்துவிடும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டென்பதை அறிவேன். நானும் அருந்துபவன் அல்லேன். இது குடியைப் பற்றிய கட்டுரை அன்று. பயிரையும் மழையையும் பற்றியது. ஆகவே அவர்களும் தயை கூர்ந்து தொடர்ந்து படிக்கலாம்.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்ததென்று சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாக ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மாசி, பங்குனி மாதங்களில் திராட்சைப் பெட்டிகள் எங்கள் மேடையில் மலைபோல் குவியும். ஒருமுறை இணைப்பு வண்டி தாமதமாகி, சில பெட்டிகள் ஒன்றரை நாள் அங்கேயே கிடந்துவிட்டன. திறந்து பார்த்தபோது பழங்களின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. "அழுகியது, விலையில்லாதது" என்று சேதப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். பெட்டிக்குரிய வியாபாரி ஒன்றும் பேசாமல் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த வாரமே, எங்கள் குடியிருப்பில் வளர்ந்து இப்போது போர்டோவில் திராட்சைச் சாகுபடி படிக்கும் பிள்ளை ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். நான் இந்தச் சங்கதியைச் சொன்னதும், "அண்ணா, அங்கே இந்தப் பூஞ்சணம் எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றான். கேலி செய்கிறான் என்றே முதலில் நினைத்தேன்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன் பூமியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கரோன் ஆறு தெற்கிலிருந்தும், தோர்தோஞ் ஆறு கிழக்கிலிருந்தும் வந்து போர்டோவுக்கு வடக்கே கூடி, அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் சேர்கின்றன. கடலின் ஏற்றவற்றம் இரண்டு ஆறுகளிலும் வெகுதூரம் உள்ளே ஏறி வருவதால், நடுவே உள்ள நிலத்துக்கு "இரு கடல் நடு" என்று பொருள்படும் ஆந்த்ர-தூ-மேர் என்ற பெயர் உண்டாயிற்று. போர்டோ நகரத்துக்குத் தெற்கே கரோனின் இடக்கரையில் கூழாங்கற்கள் நிறைந்த பூமி. கிராவ் என்பது அதன் பெயர். பிரெஞ்சில் சரளைக்கு வழங்கும் சொல்லே அது. இன்னும் தெற்கே போனால் சோத்தேர்ன், பர்சாக் முதலிய ஐந்து கிராமங்கள். வெள்ளை ஒயினுக்குப் பேர் போன இடங்கள் இவையே.

இந்த ஜில்லாவின் சரக்கு வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது நெடுங்காலத்துக்கு முன்பு. 1152-இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர் அரசி, பின்னர் இங்கிலாந்து மன்னனான இரண்டாம் ஹென்றியை மணந்தாள். அதன் பயனாக, 1453 வரையில் முந்நூறு ஆண்டுகள் இப்பகுதி ஆங்கிலேய அரசரின் கையில் இருந்தது. ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகப் பீப்பாய்கள் லண்டனுக்குப் போயின. கப்பலின் கொள்ளளவை, அது எத்தனை "டன்" பீப்பாய் ஏற்றும் என்பதைக் கொண்டே கணக்கிட்டார்கள். நாம் இன்று சரக்கு ரசீதில் எழுதும் டன் என்னும் சொல் அந்த ஒயின் பீப்பாயிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தபோது, இத்தனை வருஷமாக எதை எழுதிக்கொண்டிருந்தோம் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இனித் திராட்சைகள். வெள்ளைக் கலவையில் முக்கியமானவை செமியோன், சோவினியோன் பிளாங், முஸ்காதெல் என மூன்று.

செமியோன் பொன்னிறப் பழம், தோல் மெல்லியது, நன்றாகக் காய்க்கும். அதன் ஒயின் புதிதாக இருக்கும்போது பெரிய வாசனை எதுவும் வீசாது. ஆனால் உடம்பு கனமானது. நாக்கில் எண்ணெய்ப் பசைபோல நிற்கும் என்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் புட்டியில் கிடந்தபின் தேனும் மெழுகும் போன்ற மணம் அதிலிருந்து எழும். குறைவாகப் பேசி நெடுநாள் நிலைக்கும் மனிதரைப் போன்றது.

சோவினியோன் இதற்கு நேர் மாறு. முன்னதாகப் பழுக்கும், புளிப்பு மிகுதி, எலுமிச்சைத் தோலும் பம்பளிமாசும் கலந்தாற்போன்ற கூர்மையான வாசனை. அதன் பழத்தைக் கடித்தால் உடனே ஒன்றும் தோன்றாது. விழுங்கிச் சில விநாடிகள் கழித்தே அந்த மணம் வாயில் எழும். இதற்கொரு காரணம் உண்டு, பின்னால் வருகிறது. இன்னொரு செய்தி: உலகப் புகழ் பெற்ற சிவப்புத் திராட்சையான கபர்னே சோவினியோன், இந்த வெள்ளைச் சோவினியோனுக்கும் கபர்னே பிராங் என்னும் கறுப்புத் திராட்சைக்கும் எப்போதோ தோட்டத்தில் தானாக நேர்ந்த கலப்பில் பிறந்த பிள்ளை. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மரபணுச் சோதனையால் கண்டு 1997-இல் வெளியிட்டார்கள். அதுவரையில் தகப்பன் யார், தாய் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

முஸ்காதெல் பூமணம் உடையது. பெயரைக் கண்டு நம்முடைய பன்னீர் திராட்சையின் இனமான மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எண்ண வேண்டாம். அதற்கும் இதற்கும் உறவில்லை. நோய் எளிதில் தாக்கும் பயிராகையால் கலவையில் ஒரு சிறு பங்குதான், சமையலில் ஏலக்காயைப்போலச் சேர்க்கிறார்கள். பல தோட்டங்களில் அதுவும் இல்லை.

ஏன் கலக்க வேண்டும்? ஒரே திராட்சையில் நல்ல ஒயின் செய்யலாகாதா? செய்யலாம். அதே பிரான்சில் பர்கண்டிப் பகுதியார் ஒரே வகைத் திராட்சையைக் கொண்டு பெரும் புகழ் அடைந்திருக்கிறார்கள். போர்டோக்காரர்கள் கலப்பதற்கு ருசி ஒரு காரணம். செமியோனின் கனமும் சோவினியோனின் கூர்மையும் ஒன்றன் குறையை மற்றொன்று மூடுகின்றன. ஆனால் அதைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டென்பது என் அபிப்பிராயம். போர்டோ கடலை அடுத்த பூமி. வசந்தத்தில் உறைபனி, பூக்கும் காலத்தில் மழை, கோடையில் ஆலங்கட்டி, அறுவடையில் மறுபடியும் மழை; எது எப்போது வரும் என்று சொல்ல இயலாது. இரு வகைத் திராட்சைகள் வெவ்வேறு வாரங்களில் துளிர்த்து, வெவ்வேறு வாரங்களில் பழுத்தால், ஒரு புயல் இரண்டையும் ஒருங்கே அழித்துவிடாது. சோளத்துக்கு நடுவே துவரையும் மொச்சையும் விதைத்து வைக்கும் நம் மானாவாரிக் குடியானவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் ருசி பார்ப்பவர்கள் வந்து அதற்குச் சாஸ்திரம் எழுதினார்கள்.

கலப்பது தோட்டத்தில் நடப்பதன்று. ஒவ்வொரு வகையையும், ஒவ்வொரு மனையின் பழத்தையும் அதனதன் பக்குவத்தில் பறித்துத் தனித்தனியே பிழிந்து, தனித்தனியே புளிக்க வைக்கிறார்கள். உயர்ந்த தோட்டங்களில் இது 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் நடக்கிறது. பின்னர் ஒருநாள் உரிமையாளரும் பாதாள அறை மேஸ்திரியும் உட்கார்ந்து, ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சிறிது எடுத்து, ருசி பார்த்துத் துப்பி, அளவுக் குப்பிகளில் இத்தனைக்கு இத்தனை என்று கலந்து பார்க்கிறார்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது. சென்ற ஆண்டின் விகிதம் இவ்வாண்டுக்கு உதவாது. தேறாத பீப்பாய்களைத் தோட்டத்தின் இரண்டாந்தரப் பெயரில் விற்றுவிடுகிறார்கள்.

புளிப்பும் கூர்மையுமான, இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் சாதாரணமானது ஆந்த்ர-தூ-மேரில் விளைவது, விலை மலிவு, வாங்கியவுடன் அருந்துவதற்கானது. உயர்ந்தது கிராவின் வட பகுதியில் விளைகிறது. 1987-இல் அப்பகுதியைப் பெசாக்-லியோஞான் என்று தனிப் பெயரிட்டுப் பிரித்தார்கள். போர்டோ நகரம் வளர்ந்து வளர்ந்து அங்குள்ள தோட்டங்களில் சிலவற்றை விழுங்கிவிட்டது. இன்று சில தோட்டங்களைச் சுற்றிலும் வீடுகளும் டிராம் வண்டியும். 1305-இல் ஐந்தாம் கிளெமென்ட் என்ற பெயரோடு போப்பாண்டவரான பெர்த்திராங் தெ கோத்துக்குச் சொந்தமாயிருந்த தோட்டமும் அங்கே இன்னும் இருக்கிறது. கார்போனியே என்னும் தோட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அதை நடத்திய பெனடிக்ட் சபைத் துறவிகள், மது விலக்கப்பட்ட துருக்கி சுல்தானின் அரண்மனைக்கு, "கார்போனியேயின் ஊற்றுநீர்" என்று பெயரிட்டு வெள்ளை ஒயினை அனுப்பினார்களாம். அருந்திய அந்தப்புரத்து மாது ஒருத்தி, இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் ஏன் சிரமப்பட்டு ஒயின் செய்கிறார்கள் என்று கேட்டாளாம். பார்சல் வில்லையில் சரக்கின் பெயரை மாற்றி எழுதும் தந்திரம் நம் காலத்தில் தோன்றியதன்று என்று நான் சிரித்துக்கொண்டேன்.

இப்போது பூஞ்சணத்துக்கு வருகிறேன்.

சோத்தேர்ன் கிராமங்களின் ஓரமாகச் சிரோன் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. தெற்கேயுள்ள காட்டின் நிழலில், ஊற்றுநீரால் ஓடிவருவதால் அதன் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். கரோனின் நீரோ வெயிலில் சூடேறியது. ஐப்பசி மாதத்தில் இரண்டும் கலக்கும் இடத்தில் இரவில் மூடுபனி எழுந்து, விடியற்காலையில் தோட்டங்களின்மேல் கவிகிறது. அந்த ஈரத்தில் போத்ரைட்டிஸ் சினெரியா என்னும் பூஞ்சணம் பழத்தின்மேல் முளைக்கிறது. முற்பகல் கடந்ததும் வெயில் வந்து பனியைக் கலைத்துப் பழத்தை உலர்த்திவிடுகிறது. பூஞ்சணம் மெல்லிய தோலில் கண்ணுக்குப் புலப்படாத துளைகளை இடுகிறது. அத்துளைகளின் வழியே பழத்தின் தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. பழம் ஊதா கலந்த பழுப்பாகி, சுருங்கி, சாம்பல் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. பார்ப்பதற்கு என் சேதப் பதிவேட்டில் எழுதத்தக்க பழமேதான். அதைப் பிழிந்தால் பாகு போன்ற சாறு சிறிதளவு வருகிறது. அதிலிருந்து செய்யும் ஒயின் பொன்னிறமாக, தேனும் வாதுமைப் பழமும் மணக்க, ஐம்பது ஆண்டு வைத்தாலும் கெடாமல் இருக்கும். இந்த அழுகலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "உயர்குல அழுகல்".

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், என் பதிவேட்டுப் பூஞ்சணமும் இந்த உயர்குலத்துப் பூஞ்சணமும் ஒன்றேதான் என்பது. பனி வந்து வெயிலும் வந்தால் அது செல்வம். பழம் பக்குவப்படுமுன் வந்தாலும், மேலே மழை விடாது பெய்தாலும், தோல் வெடித்து, காடி நாற்றம் ஏறி, சாதாரணச் சாம்பல் அழுகலாகத் தோட்டம் முழுவதையும் தின்றுவிடும். விவசாயி இரண்டுக்கும் நடுவே நின்று நாள் எண்ணுகிறான். மற்றத் தோட்டத்தார் புரட்டாசியிலேயே அறுவடை முடித்துப் பணத்தை எண்ணும்போது, இவன் பழுத்த பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டு, அது கெட்டுப்போகும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கிறான்.

பூஞ்சணம் எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. ஒரே கொத்தில் நாலு பழம் பக்குவம், பத்துப் பழம் பச்சை. ஆகவே பறிப்பவர்கள் சிறு கத்தரிக்கோலோடு வரிசை வரிசையாகப் போய், சுருங்கிய பழங்களை மட்டும் கிள்ளிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மீண்டும் ஒரு வாரம் கழித்து வர வேண்டும். இப்படி ஐந்தாறு தடவை, சில ஆண்டுகளில் அதற்கு மேலும், அதே கொடிக்குத் திரும்புகிறார்கள். நன்றாகப் பழகிய கைகளே இதற்கு வேண்டும். எந்த அழுகல் நல்லது, எது தீயது என்று மூக்கால் அறிய வேண்டும். இயந்திரம் இதைச் செய்யாது. சட்டப்படி சோத்தேர்னில் ஹெக்டேருக்கு 2,500 லிட்டருக்கு மேல் எடுக்கலாகாது. இக்கெம் என்னும் முதன்மைத் தோட்டத்தில் கிடைப்பது அதில் பாதியும் இல்லை. ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் என்பது அங்கே கணக்கு. எங்கள் பந்தலில் ஒரு கொடி எத்தனை கூடை தரும் என்பதை அறிந்தவன் நான். அந்தக் கணக்கைக் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது.

இந்தக் கலவையில் பெரும் பங்கு செமியோனுக்கு. மெல்லிய தோலே காரணம். பூஞ்சணம் அதைத்தான் விரும்பிப் பிடிக்கிறது. இக்கெமில் முக்கால் பங்குக்குக் குறையாமல் செமியோனும் மீதி சோவினியோனும் பயிராகின்றன. சோவினியோனின் புளிப்பு இல்லாவிட்டால் அவ்வளவு இனிப்பும் திகட்டிப் போகும். பர்சாக் கிராமத்தில் கிளிமாங் என்னும் தோட்டத்தார் மட்டும் செமியோனை வேறெதோடும் கலவாமல் தனியே செய்து, அதற்கும் பெரும் பெயர் வாங்கியிருக்கிறார்கள். கலவையின் பெருமையைப் பாட வந்த எனக்கு இது கொஞ்சம் இடக்கான செய்திதான். ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இக்கெமின் கீர்த்தி பழையது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன், பிரான்சில் தூதராக இருந்தபோது 1787-இல் போர்டோவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். இக்கெமிலிருந்து தமக்கும், பின்னர் ஜனாதிபதி வாஷிங்டனுக்கும் ஒயின் வரவழைத்தார். 1855-இல் பாரிசில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது போர்டோத் தரகர்கள் தங்கள் விலைக் கணக்கைப் பார்த்துத் தோட்டங்களுக்குத் தர வரிசை எழுதினார்கள். வெள்ளை வரிசையில் சோத்தேர்ன், பர்சாக் தோட்டங்கள் மட்டுமே இடம் பெற்றன. எல்லாவற்றுக்கும் மேலே, தனக்கென்றே ஒரு படியில், இக்கெம் ஒன்றே நின்றது. சிவப்பு ஒயினில் எந்தத் தோட்டத்துக்கும் அந்தத் தனிப் படி கொடுக்கவில்லை.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரிசிலிருந்து போர்டோவுக்கு இருப்புப் பாதை முடிந்தது 1853-இல். தர வரிசைக்கு இரண்டே ஆண்டு முன்பு. அப்பாதை கரோனின் வலக்கரையோடு நின்றுவிட்டது. ஆற்றின்மேல் ரயில் பாலம் கட்டும் வேலை 1858-இல் தொடங்கி 1860-இல் முடிந்தது. அந்த வேலையை நேரில் நின்று நடத்திய இளம் பொறியாளர்தான், பின்னாளில் பாரிசில் உயர்ந்த கோபுரத்தை எழுப்பிய குஸ்தாவ் எய்பெல். பாலம் இன்னும் நிற்கிறது. 2008 முதல் அதன்மேல் வண்டி ஓடுவதில்லை.

இவ்வளவு பெருமையும் இருந்தபோதிலும் வெள்ளைத் திராட்சைக்கு அங்கே கெட்ட காலம் வந்தது. 1950-களில் போர்டோவில் சிவப்பைவிட வெள்ளையே அதிகமாகப் பயிராயிற்று. இன்று பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கிறது. 1956 பிப்ரவரியில் அடித்த கொடுங்குளிரில் எண்ணற்ற கொடிகள் வேரோடு பட்டுப்போயின. மீண்டும் நட்டபோது, விலை எதற்கு உண்டோ அதையே நட்டார்கள், அது சிவப்பு. மேலும் அக்காலத்து மலிவான வெள்ளை ஒயின் நல்ல பெயர் எடுக்கவில்லை. அரை இனிப்பாகச் செய்து, மறுபடியும் புளிக்காமலிருக்கக் கந்தகத்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். அருந்தியவர்களுக்கு மறுநாள் தலைவலி. ஜனங்களின் ருசியும் மாறிற்று. விருந்தின் இறுதியில் இனிப்பு ஒயின் ஒரு கிண்ணம் என்ற பழக்கமே குறைந்துபோய்விட்டது.

இதைத் திருத்தியவர்களில் தெனி துபூர்தியே என்பவரைச் சொல்ல வேண்டும். 1949-இல் பர்சாக்கின் ஒயின் குடும்பத்தில் பிறந்து, போர்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2016-இல் காலமானார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்ததைத் தம் சொந்தத் தோட்டங்களிலும் செய்து காட்டினார். சோவினியோன் பழத்தில் மணப்பொருள் உறங்கிக் கிடக்கிறது என்பதை அவருடைய ஆய்வுக் கூடத்தார் 1990-களில் விளக்கினார்கள். பழத்துக்குள் அது வேறொரு பொருளோடு கட்டுண்டு வாசனையின்றி இருக்கிறது. புளிக்கச் செய்யும் ஈஸ்ட்டுதான் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அங்கே இதில் உழைத்தவர்களுள் தோமினாகா என்னும் ஜப்பானியரும் ஒருவர். பழத்தைக் கடித்தவுடன் மணக்காமல் சற்றுப் பொறுத்து மணப்பதன் காரணமும் இதுவே. சாற்றைத் தோலோடு சில மணி நேரம் ஊற வைப்பது, குளிர்ச்சியில் புளிக்க விடுவது, பீப்பாயின் அடியில் தங்கும் மண்டியை எடுத்து எறியாமல் அவ்வப்போது கிளறி விடுவது ஆகிய முறைகளை அவர் பரப்பினார். போர்டோவின் உலர்ந்த வெள்ளைக் கலவை தன் மரியாதையைத் திரும்பப் பெற்றது பெரும்பாலும் இந்தத் தலைமுறையில்தான்.

இனிப்பு ஒயினுக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாகக் கிட்டவில்லை. சோத்தேர்ன்காரர்களில் பலர் இன்று அதே பழத்தைப் பூஞ்சணம் பிடிக்குமுன் பறித்து, உலர்ந்த ஒயினாகச் செய்து பிழைக்கிறார்கள். இக்கெமே 1959 முதல், "இ" என்ற ஓரெழுத்துப் பெயரில், உலர்ந்த ஒயின் ஒன்றைச் செய்து வருகிறது. இதனிடையே பருவமும் முன்போல் இல்லை. 2017 ஏப்ரல் கடைசியில் ஓரிரவுப் பனி ஜில்லாவின் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை அழித்தது. 2021-இலும் துளிர் கருகிற்று. அத்தகைய இரவுகளில் தோட்டத்தார் வரிசைகளின் நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறார்கள். கோடையின் வெப்பமும் ஏறி வருகிறது. முன்னதாகப் பழுக்கும் சோவினியோன், வெப்பத்தில் புளிப்பையும் மணத்தையும் இழந்துவிடுகிறது. எனவே 2021-இல் அரசாங்கத்தார் போர்டோவின் பழைய பட்டியலில் புதுத் திராட்சை வகைகள் ஆறைச் சேர்க்க அனுமதித்தார்கள். அவற்றுள் வெள்ளை இரண்டு. ஒன்று போர்ச்சுகல், ஸ்பெயின் எல்லையைச் சேர்ந்த அல்வாரினோ. மற்றொன்று லிலியோரிலா, பரோக், ஷார்தொனே என்ற இரண்டையும் கலந்து 1956-இல் பிரான்சில் உண்டாக்கியது. தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நடக்கூடாது, கலவையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று விதி. எழுநூறு ஆண்டுப் பெயரைக் காக்க வேண்டுமே என்ற பயம் அந்த ஐந்திலும் பத்திலும் தெரிகிறது. கடைசியில், 2023-இல், விற்காத ஒயின் பெருகிவிட்டதால், கொடியைப் பிடுங்கி எறிபவருக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுப்பதென்று திட்டம் வந்தது. 9,500 ஹெக்டேர் வரையில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். பெரும்பாலும் சிவப்புதான்; ஆயினும் தாத்தா நட்ட கொடியைக் கூலி வாங்கிக்கொண்டு பிடுங்குவது எந்த நிறத்துக்கும் ஒன்றே.

சென்ற மாதம் ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது இவற்றையெல்லாம் என் தகப்பனாருக்குச் சொன்னேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நாளில்கூட அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. மயில் துத்தக் கலவை திருடர்களுக்காக வந்தது என்றதும் சிரித்தார். சிரோன் ஆற்றையும், பனியையும், பழுத்த பழத்தைக் கொடியிலேயே விட்டு அழுகலுக்குக் காத்திருப்பதையும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"சரி தம்பி," என்றார் பிறகு. "அந்த வெயிலுக்குப் பதிலா மழை பிடிச்சுக்கிச்சுன்னா?"

ருசியைப் பற்றியோ விலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. அப்படியும் நடந்திருக்கிறது என்றேன். 2012-இல் ஐப்பசி மழை ஓயவில்லை. பறித்ததை ருசி பார்த்த இக்கெம் தோட்டத்தார், அவ்வாண்டு தங்கள் பெயரில் ஒரு புட்டியும் வராது என்று டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். அதற்கு முன் 1992-இலும், 1974-இலும், 1972-இலும், 1964-இலும் அவ்வாறே. 1951, 1952 ஆகிய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தாற்போல் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு வருஷம்," என்றார் அவர். பிறகு மழையைப் பற்றிக் கேட்டார். எங்கள் பக்கம் பெய்கிறதா என்று.